யார்? எங்கே? எப்போது?

ரோஸ்மேரி கூபியாக்கின் அலுவலகம் அவளுடைய காரின் டிக்கிதான். எங்கள் ஹார்ன்பி சமுதாயக் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர்களுக்கு அறை கிடையாது. ஏழு பேருக்குச் சேர்த்து ஒரு மேசை, அதற்கும் ஒரு கால் ஆட்டம். ஆகவே டிக்கியில் ஐந்து பிளாஸ்டிக் கூடைகள், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நிறம். காலையில் அடுத்த மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு கல்லூரி, மதியம் ஹார்ன்பி, நடுவே நாற்பது மைல் நெடுஞ்சாலையும் மடியில் ஒரு முட்டை சாண்ட்விச்சும். இப்படியே பத்தொன்பது வருடம். இந்த வேலைக்குப் பகுதிநேரம் என்று பெயர் வைத்த ஆள் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அவள் கற்றுக்கொடுப்பது முதலாண்டுக் கட்டுரைப் பாடம். எங்கள் ஊரில் செவிலியர் படிப்புக்கு வருபவர்கள், வெல்டிங்குக்கு வருபவர்கள், ஏசி மெக்கானிக் ஆக வருபவர்கள் எல்லோரும் அந்த ஒரு பாடத்தில் தேறினால்தான் மேலே போகலாம். விரும்பி வந்து உட்காருகிறவர் ஒருவரும் இல்லை. ஆரம்ப நாட்களில் இலையுதிர்காலத்தைப் பற்றி எழுதச் சொல்லிப் பார்த்தாள். வகுப்பு தூங்கியது. பிறகுதான் இயந்திரங்களின் பக்கம் போனாள். காரின் சீட் பெல்ட்டை எந்த அளவு உடம்பை வைத்துச் சோதித்தார்கள், ஆலைக்குள் கடிகாரம் வந்த பிறகு மனிதர்கள் சாப்பிடும் நேரம் எப்படி மாறியது, ஒரு வேலையை எண்ணால் அளக்கத் தொடங்கியதும் அந்த வேலைக்கே என்ன ஆகிறது என்றெல்லாம் படிக்கக் கொடுத்தாள். எனக்கு எழுத வராது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வெல்டர்கள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். சண்டை போட்ட கையோடு எழுதவும் செய்தார்கள்.

கட்டுரையின் முதல் வரைவுப் படிக்கு மதிப்பெண் போடமாட்டாள். பச்சை மையில் ஓரத்தில் கேள்விகள் மட்டும் கேட்பாள். சிவப்பு மை பயமுறுத்துமாம். "சமூகத்தில் பலர் பாதிக்கப்படுகிறார்கள்" என்று யாராவது எழுதினால் போதும், பச்சைப் பேனா பாய்ந்துவிடும்: யார்? எங்கே? எப்போது? இந்த மூன்று கேள்விகளையும் அவள் எழுதி எழுதி மாய்வதைப் பார்த்த ஒரு பழைய மாணவன் மூன்றையும் வைத்து ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து கொடுத்துவிட்டான். அது எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். கட்டுரைப் பாடம் மொத்தமும் அந்த ஸ்டாம்புக்குள் அடங்கிவிட்டது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லுவாள்.

கவலைப்படுவதற்கு அவளுக்குத் தனியாகக் காரணம் ஒன்றும் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பணி நீட்டிப்புக் கடிதம் இரண்டு நாள் தாமதமானால் சோறு இறங்காது. கல்லூரிக்குப் போகும் வழியில், அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தூரத்தில் காரை ஓரங்கட்டி யோசிப்பாள். இப்படிப்பட்டவளுக்கு உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய ஒன்று கைக்கு வந்தபோது, அதை ஆறு வாரம் கூடைக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள் என்பதுதான் இந்தக் கதை.

ஜனவரியில் தொடங்கும் வசந்தக் கல்விப் பருவத்தில், அந்த வருடம் மதிய வகுப்பில் கெண்ட்ரா டாக்கெட் இருந்தாள். வயது முப்பத்தொன்று, இரண்டு பெண் குழந்தைகள். ஊரின் மேற்கு முனையில் குன்றின் மேல் இருக்கும் லிண்டன் ஹில் முதியோர் இல்லத்தில் உதவிப் பணியாள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். மே மாதம் முடிவு வரும். வகுப்புக்கு வரும்போதே வேலைச் சீருடையில் வருவாள், மூன்று மணிக்கு ஷிஃப்ட். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்வாள்.

பிப்ரவரியில் ரோஸ்மேரி கொடுத்த தலைப்பு, நீ தினமும் தொடும் ஓர் இயந்திரம் யாருக்காக வேலை செய்கிறது என்பது. கெண்ட்ராவின் முதல் படியில், நவீன பணியிடங்களில் தொழில்நுட்பம் ஊழியர்களுக்கு மன அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று ஒரு பக்கம் முழுக்க ஒன்றுமே சொல்லாமல் எழுதியிருந்தது. ஸ்டாம்பு விழுந்தது. இரண்டாவது படியில் ஓர் அழைப்பு மணி வந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பொத்தான். முதியவர் அதை அழுத்தினால் கதவுக்கு மேல் விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் கடிகாரம் ஓடத் தொடங்கும். பணியாள் வந்து கதவு நிலையில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் கடிகாரம் நிற்கும். யார் எத்தனை விநாடியில் போனார்கள் என்று சாப்பாட்டு அறைப் பலகையில் ஒட்டுவார்கள், ஒரு நிமிடத்துக்குள் போனவர்களுக்கு நட்சத்திரம். ஒரே சமயத்தில் நாலு விளக்கு எரியும்போது சிலர் என்ன செய்கிறார்கள் என்றால், சுவிட்சை மட்டும் தட்டிவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுகிறார்கள்.

ரோஸ்மேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிலர் என்பது யார்? நீ பார்த்தாயா? எப்போது? அந்த அறையில் இருந்தவரை நாங்களும் பார்க்கும்படி ஒரு விவரம் கொடு. இப்படி எழுதி எழுதி ஓரம் முழுக்கப் பச்சை.

மார்ச் முதல் வாரம் வந்த மூன்றாவது படியில் கெண்ட்ரா இப்படி எழுதியிருந்தாள்: போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவுச் சாப்பாடு போடும் நேரம், மாலை ஐந்தேகால். பதினாலாம் எண் அறையில் விளக்கு எரிந்தது. சுவிட்சைத் தட்டியது நான். தட்டிவிட்டு ஒன்பதாம் எண் அறைக்குப் போனேன், அங்கே ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. இரவு உடைக்கு மேல் நீலப்பச்சை பவுலிங் ஜாக்கெட் போட்டிருக்கும் அந்த அம்மா தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கம்ப்யூட்டர் தாளில் நாற்பது விநாடி என்று இருந்தது. அந்த வாரம் எனக்கு நட்சத்திரம் கிடைத்தது.

படித்து முடித்ததும் ரோஸ்மேரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு கட்டுரை வந்ததில்லை. ஜாக்கெட் வரிக்குப் பக்கத்தில் "அருமையான விவரம்! கண்முன் நிற்கிறார்!" என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்தாள். அதே வாரம் அதைக் கல்லூரியின் ஆண்டுக் கட்டுரைப் பரிசுக்கும் அனுப்பிவிட்டாள். மாணவருக்குத் தெரியாமல் ஆசிரியர் அனுப்புவதும், வென்ற பிறகு திடீரென்று சொல்லி மகிழ்விப்பதும் எங்கள் கல்லூரியில் வழக்கம். என் எழுத்தைக் கல்லூரி வெளியிடலாம் என்று ஒரு தாளில் எல்லோரும் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கார் நிறுத்தும் விதிகளுக்கும் தீயணைப்பு விதிகளுக்கும் நடுவில் வரும் அந்தத் தாளை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தேர்வுக் குழுவில் மூன்று பேர். ரோஸ்மேரியோடு நாலு கட்டுரை ஆசிரியர்கள் அதைப் படித்தார்கள். நாலு பேரும் பத்தி எங்கே முடிகிறது என்று பார்த்தார்களே தவிர, அந்த அம்மா எங்கே விழுந்து கிடக்கிறார் என்று பார்க்கவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. காலை வகுப்பை முடித்துவிட்டு ரோஸ்மேரி காரில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தபோது துறைத் தலைவர் பிரெண்டிஸின் மின்னஞ்சல் வந்தது. கெண்ட்ராவுக்கு முதல் பரிசு. சிறு புத்தகமாக அச்சடிக்கக் கோப்பு நேற்றே நகல் அறைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மதிய விருந்தில் கெண்ட்ரா வாசிக்க வேண்டும். நம் செவிலியர் மாணவிகளுக்குப் பயிற்சி தருகிற லிண்டன் ஹில் நிர்வாகி அம்மையார் வழக்கம்போல் முன் மேசையில் இருப்பார். முதியோர் இல்லத்தைப் பற்றிய கட்டுரை என்பதால் அவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

சந்தோஷப்படுவார்கள் என்ற சொல்லில் அவள் கண் நின்றது. கட்டுரையில் இல்லத்தின் பெயர் இல்லைதான். மேற்கு முனையில் குன்றின் மேல் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் இருப்பதே ஒரு குன்று.

கெண்ட்ராவின் வேலை வெள்ளிக்கிழமை மதியமே போய்விடும். பதிவேட்டில் பொய் நேரம் போட்டவள் என்று தெரிந்தால் செவிலியர் படிப்பில் எப்படிச் சேர்ப்பார்கள்? இப்படி ஒன்றை வெளியே விட்ட பகுதிநேர ஆசிரியைக்கு அடுத்த பருவம் வகுப்பு கொடுப்பார்களா? உண்மையைச் சொன்னால் இந்த மூன்றாவதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வெட்கப்பட்டு அதைப் பின்னால் தள்ளினாள்.

பிரெண்டிஸைக் கூப்பிட்டாள். கூட்டத்தில் இருக்கிறாராம். நகல் அறைக்கு அடித்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இயந்திரம் ஓடினால் நகல் அறையைப் பார்த்துக்கொள்ளும் கெய்லுக்குப் போன் சத்தம் கேட்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கெய்லிடம் நேரே போய், அச்சடிக்காதே, நிறுத்து என்று சொன்னால் முடிந்தது. கெய்ல் நம்ம ஆள், காரணம்கூடக் கேட்கமாட்டாள். இப்படித் தன்னைத் தேற்றிக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஏரியிலிருந்து ஈரப்பனி அடித்துக்கொண்டிருந்தது. முன்னால், பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் லாரி ஒன்று ஊர்ந்து போனது.

பாதி வழியில் நெடுஞ்சாலையோரம் ஒரு பவுலிங் கூடம் உண்டு, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் இடம். பெரிய பலகையில் விழும் கட்டைகளின் படம். பத்தொன்பது வருடமாக அதைத் தாண்டிப் போகிறவள், அன்றைக்கு அதைப் பார்த்தாள்.

நீலப்பச்சை ஜாக்கெட்.

ஜனவரியில், பருவம் தொடங்கும் வாரம், பாடத்திட்டம் நகலெடுக்கப் போயிருந்தபோது கெய்ல் ஹெண்டர்ஷாட் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு சொல்லியிருந்தாள்: அம்மா போய்விட்டார், புத்தாண்டுக்கு மறுநாள். அக்டோபரில் இடுப்பு முறிந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. பவுலிங் ஜாக்கெட்டையே போட்டுப் புதைத்தோம், நெஞ்சில் டாட்டி என்று அவர் பெயர் பின்னிய ஜாக்கெட், அதைக் கழற்றினால் அம்மா கோபித்துக்கொள்வார். ரோஸ்மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் இரங்கல் அட்டைகூட வாங்கிக் கொடுத்தாள்.

ரோஸ்மேரி காரை ஓரங்கட்டினாள். ஸ்டீயரிங் மேல் இருந்த கையைப் பார்த்தாள். மார்ச்சில் அந்த வரியைப் படித்துச் சிரிக்கும் முகம் வரைந்தது இதே கைதான். மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை காதிலும் கண்ணிலும் விழுந்த ஒரு ஜாக்கெட், ஒன்று துக்கம் என்று ஒரு கூடையில், மற்றது நல்ல விவரம் என்று இன்னொரு கூடையில் போய் உட்கார்ந்திருந்தது. மறுபடியும் நகல் அறைக்கு அடித்தாள். எடுக்கவில்லை. கெய்ல் அச்சடிப்பதைப் படிக்கமாட்டாள், ஒருநாளும் படித்ததில்லை, படிக்கமாட்டாள் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஹார்ன்பிவரை ஓட்டினாள்.

பன்னிரண்டு இருபதுக்கு நகல் அறைக்குள் ஓடினாள். இயந்திரம் நின்றிருந்தது. மேசை மேல் சிறு புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கெய்ல் ஒரு காகிதப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மூச்சு வாங்காதே, ரோஸ். உட்காரு. படிச்சுட்டேன்."

ரோஸ்மேரி உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தோன்றியது.

"இருபத்திரெண்டு வருஷமா அச்சடிக்கிறேன், ஒரு வரி படிச்சதில்லை. பக்கம் நேரா விழுந்திருக்கான்னு மட்டும்தான் பார்ப்பேன். இன்னைக்குக் காலையில ஓரத்துல பவுலிங்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டுது." கெய்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதை நீ எப்பப் படிச்சே?"

மார்ச்சில் என்றாள் ரோஸ்மேரி.

"மார்ச்ல. அதுக்கப்புறம் எத்தனை தடவை இங்க வந்து நகல் எடுத்துட்டுப் போனே?"

பொய் சொல்ல வழியில்லை. நகல் எடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் ஏடு மேசை மேலேயே இருந்தது. "ஆறு தடவை."

"வர்றப்பல்லாம் எப்படி இருக்கேன்னு கேட்டியே."

"நான் அதைக் கட்டுரையாத்தான் படிச்சேன், கெய்ல். சத்தியமா. உங்க அம்மான்னு எனக்கு உறைக்கவே இல்லை."

"தெரியுது. முதல் பரிசுன்னு போட்டிருக்கு."

கெய்ல் அவளிடமிருந்து பதில் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் பாட்டுக்குப் பேசினாள். லிண்டன் ஹில்லில் ஒரு தாளைக் காட்டினார்களாம். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த தாள், நாற்பது விநாடியில் ஆள் போயிருக்கிறது, உங்கள் அம்மாதான் பொறுக்காமல் எழுந்துவிட்டார் என்றார்களாம். இயந்திரம் போட்ட கணக்கு என்பதால் நம்பிவிட்டாள்.

"ஆஸ்பத்திரில அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு நாப்பது செகண்டு பொறுக்க முடியலையா உனக்குன்னு திட்டினேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. போற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை."

ரோஸ்மேரிக்கு அழுகை வந்தது. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. கெய்ல் எழுந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். இருபத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்து இருபத்தேழு. நூற்றைம்பது பிரதியிலும் அந்த நாலு பக்கத்தையும் உருவிவிட்டு, காலை முழுக்க உட்கார்ந்து மறுபடி ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறாள். உன் மாணவிக்காக இல்லை என்றாள். என் அம்மா தரையில் கிடந்ததை அந்த நிர்வாகி கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டே கேட்க வேண்டாம் என்றுதான். உருவிய தாள்களைக் காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டாள், ஒரு பிரதியைத் தவிர. அது மடித்து அவள் சட்டைப் பையில் இருந்தது.

"அந்தப் பொண்ணைப் பார்க்கணும்."

"பார்த்து என்ன செய்யப்போறே?"

"தெரியலை. பார்க்கணும்."

மதியம் ஒரு மணிக்கு வகுப்பு. ரோஸ்மேரி உள்ளே போய், இன்று வகுப்பு இல்லை என்றாள். வெல்டர்கள் காரணம் கேட்காமல் மாயமானார்கள். கெண்ட்ராவை மட்டும் வராந்தாவில் குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எந்த வரிசையில் சொல்வது என்று தெரியாமல் பரிசிலிருந்து தொடங்கினாள், அது தப்பு.

கெண்ட்ராவின் முகம் வெளுத்துவிட்டது. "அச்சடிச்சாச்சா? யாரைக் கேட்டு?"

முதல் நாள் தாளைப் பற்றி ரோஸ்மேரி சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"நீங்க கேட்டீங்க, மிஸ் கூபியாக். ஒவ்வொரு தடவையும் யாரு, எங்கே, எப்போன்னு கேட்டீங்க. என்னை இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனாலதான் எழுதினேன். உங்களுக்கு எழுதினேன். ஊருக்கு எழுதலை."

பக்கங்களை எடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்காது, பிரெண்டிஸிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று ரோஸ்மேரி வேகமாக அடுக்கினாள். பிறகு, எடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. டாட்டியின் மகள் இந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் வேலை செய்கிறாள் என்று கேட்டதும் கெண்ட்ரா சுவரில் சாய்ந்துவிட்டாள். நகல் அறைப் பக்கம் அவள் இதுவரை போனதே இல்லை.

"கண்ணாடியைச் சங்கிலில மாட்டியிருப்பாங்களே, அவங்களா? அடக்கம் முடிஞ்ச மறுநாள் எங்க எல்லாருக்கும் ரெண்டு பெட்டி டோனட் வாங்கிட்டு வந்தாங்க. அம்மாவை நல்லாப் பார்த்துக்கிட்டீங்கன்னு ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுச் சொன்னாங்க. என் கையையும்."

நீ போக வேண்டியதில்லை என்றாள் ரோஸ்மேரி. அதை மனதாரச் சொன்னாள். நேரே வேலைக்குப் போய்விடு, நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன், உனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், மே மாதம் முடிவு வரப்போகிறது. இத்தனை நாளில் அவள் ஒரு மாணவிக்கு, எதையும் குறிப்பாகச் சொல்லாதே என்று அறிவுரை சொன்னது அதுதான் முதல் தடவை. கெண்ட்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பத்து. மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

நகல் அறையில் மேசைக்கு இந்தப்பக்கம் கெண்ட்ராவும் அந்தப்பக்கம் கெய்லும் நின்றார்கள். கெண்ட்ரா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீருடைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். ரோஸ்மேரி கதவருகே நின்றாள். கெய்ல் சத்தம் போடுவாள், அடிப்பாள், வக்கீலைக் கூப்பிடுவாள் என்று அவள் மனதில் என்னென்னவோ ஓடியது. கெய்ல் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து மேசை மேல் விரித்து, கையால் நீவிவிட்டாள்.

"இதுல எல்லாம் இருக்கு. அறை எண் இருக்கு, நேரம் இருக்கு, ஜாக்கெட் கலர்கூட இருக்கு. ஒண்ணு மட்டும் இல்லை." அவள் குரல் இறங்கிவிட்டது. "நீ உள்ளே போனப்ப அம்மாவுக்கு நினைவு இருந்துதா? என்ன சொன்னாங்க?"

மூன்று படிகள், ஓரமெல்லாம் பச்சை மை. இந்த ஒரு கேள்வியை ரோஸ்மேரி கேட்கவே இல்லை.

கெண்ட்ரா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மணி அடிச்சேன் கண்ணு, வெயிட் பண்ணிப் பார்த்துட்டுத்தான் எழுந்தேன், திட்டாதேன்னாங்க."

கெய்ல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் திட்டலைங்க. அவங்க பக்கத்துல தரையிலயே உட்கார்ந்தேன், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். இதை எழுத முடியலை. ரெண்டு தடவை எழுதிட்டு அடிச்சுட்டேன்."

"நான் திட்டினேன்," என்றாள் கெய்ல். காகிதப் பெட்டி மேல் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடமாக அவள் அழுது பார்த்திராத அந்த அறையில், வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள். கெண்ட்ரா மேசையைச் சுற்றிப் போனாள். தொடவில்லை, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஷிஃப்டுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. கெண்ட்ரா எழவில்லை.

கடைசியில் கெய்ல் கேட்டது ஒன்றுதான்: முதியோர் இல்லங்களைச் சோதிக்கும் மாநில ஆய்வாளர்கள் முன்னால் இதைச் சொல்வாயா? வேலை போய்விடுமே என்று ரோஸ்மேரி கதவருகிலிருந்து குறுக்கிட்டாள். இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்றேங்க," என்றாள் கெண்ட்ரா.

சொன்னாள். மறுவாரமே வேலை போனது. மே மாதம் செவிலியர் படிப்பிலிருந்து வந்த கடிதத்தில், விசாரணை முடியும்வரை அவளுடைய சேர்க்கையை நிறுத்திவைத்திருப்பதாக இருந்தது. ஒரு வருடம் நின்றது. அந்த ஒரு வருடமும் அவள் கல்லூரி உணவகத்தில் சாண்ட்விச் போட்டாள். அந்த வேலைக்கு அவளை அழைத்துப்போய் அறிமுகப்படுத்தியது கெய்ல். லிண்டன் ஹில்லில் சாப்பாட்டு அறைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்வி. சுவிட்ச் அப்படியேதான் இருக்கிறதாம். ரோஸ்மேரிக்கு அடுத்த பருவம் ஹார்ன்பியில் மூன்று வகுப்புக்குப் பதில் ஒன்று கிடைத்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போதும் அவள் இயந்திரங்களைப் பற்றித்தான் படிக்கக் கொடுக்கிறாள். முதல் நாள் அந்த அனுமதித் தாளை வரி வரியாக வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போடாதவர்களுக்கும் மதிப்பெண் உண்டு என்கிறாள். பாதிப் பேர் போடுவதில்லை. ஸ்டாம்பு வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பச்சைப் பேனாவால் கையாலேயே எழுதுகிறாள், யார் என்று எழுதுவதற்கு முன்னால் நிறுத்தி, கட்டுரையை ஒரு தடவை முழுதாகப் படிக்கிறாள். நகல் அறைக்கு வாரம் ஒருமுறை போகிறாள். எப்படி இருக்கே என்று கேட்டுவிட்டு, கெய்ல் பதில் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நிற்கிறாள்.